ப்ராசஸர் முதலா, மதர்போர்டு முதலா?

கேள்வி இது: "புதிதாக ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்யப் போகிறேன். பகலில் புரோகிராமிங், வாரத்தில் ஓரிரு நாள் வீடியோ எடிட்டிங், இரவில் 1080பி மானிட்டரில் கேம். நடுத்தரமான கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று கையில் இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய 16 ஜிபி டிடிஆர்4 ராமும் இருக்கிறது. கோர் ஐ7 14700கே-வை எச்610 போர்டில் போடுவதா, ரைசன் 7 7700-ஐ பி650 போர்டில் போடுவதா? முதலில் முடிவு செய்ய வேண்டியது ப்ராசஸரா, மதர்போர்டா?"

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது ஜோடியை எடுங்கள்: ரைசன் 7 7700, பி650 போர்டு, கூடவே புதிதாக 32 ஜிபி டிடிஆர்5 ராம். முதல் ஜோடி வேண்டவே வேண்டாம். 14700கே நல்ல ப்ராசஸர்தான். எச்610 போர்டும் அதற்கென்று உள்ள வேலைக்கு நல்ல போர்டுதான். இரண்டையும் சேர்த்ததுதான் தவறு. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காரணம் புரிந்துவிட்டால் அடுத்த வருடம் வேறு மாடல்கள் வந்தாலும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். (தமிழில் 'செயலி' என்ற அழகான சொல் இருந்தது. அதை மொபைல் ஆப்புக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அதனால் குழப்பம் வராமல் ப்ராசஸர் என்றே எழுதுகிறேன்.)

14700கே-வின் விவரப் பட்டியலைப் பார்த்தால் 125 வாட் என்று முதலில் கண்ணில் படும். அது அடிப்படை அளவு மட்டும்தான். அதற்குக் கீழேயே அதிகபட்ச டர்போ அளவு 253 வாட் என்று இன்டெலே எழுதியிருக்கிறது. எல்லாக் கோரும் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) சேர்ந்து உழைக்கும்போது, அதாவது வீடியோ ரெண்டர் ஆகும்போதும் பெரிய புராஜெக்ட் கம்பைல் ஆகும்போதும், அது அந்த 253 வாட்டை நோக்கித்தான் போகும்.

இந்த மின்சாரம் ப்ராசஸருக்கு எப்படிப் போகிறது என்பதில்தான் போர்டின் தரம் தெரியும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (பவர் சப்ளை) வருவது 12 வோல்ட். ப்ராசஸருக்குத் தேவையோ 1.2 வோல்ட்டை ஒட்டிய ஒரு சின்ன அளவு. 250 வாட்டை 1.2 வோல்ட்டில் கொடுக்க வேண்டுமென்றால் 200 ஆம்பியருக்கு மேல் கரன்ட் ஓட வேண்டும். வெல்டிங் பட்டறையில் பேசுகிற அளவு அது. உள்ளங்கையில் பாதிகூட இல்லாத ஓர் இடத்தில் இந்த மாற்றம் நடக்கிறது. ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டின் இடப்பக்கமும் மேல்பக்கமும் வரிசையாகச் சதுரச் சதுரமாக நிற்கும் சோக்குகளும் அவற்றின் பக்கத்தில் படுத்திருக்கும் மாஸ்ஃபெட்டுகளும்தான் இதைச் செய்கின்றன. இந்தப் பகுதிக்கு விஆர்எம் என்று பெயர். ஒரு சோக்கும் அதன் மாஸ்ஃபெட்டும் சேர்ந்தது ஒரு ஃபேஸ். ஃபேஸ்கள் கூடினால் சுமையைப் பகிர்ந்துகொள்ளும், ஒவ்வொன்றும் குறைவாகச் சூடாகும். அவற்றின்மேல் அலுமினிய ஹீட்சிங்க் இருந்தால் அந்தச் சூடும் வெளியேறும்.

எச்610 போர்டுகள் அந்த வரிசையிலேயே அடிமட்டம். ஃபேஸ்கள் குறைவு. பலவற்றில் விஆர்எம்மின்மேல் ஹீட்சிங்கே கிடையாது. அதில் 14700கே-வைப் போட்டால் வெடித்துவிடாது, புகை வராது. விண்டோஸ் வரும், கேம் ஓடும், எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். ரெண்டர் போட்டுச் சிறிது நேரம் ஆனதும் விஆர்எம் சூடேறும். போர்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ப்ராசஸரின் வேகத்தை இறக்கிவிடும். சில போர்டுகள் தொடக்கத்திலிருந்தே வாட்டைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும். இரண்டில் எது நடந்தாலும் ஐ7-க்குக் காசு கொடுத்து ஐ5-இன் வேகத்தை வாங்கியிருப்பீர்கள். எந்த எர்ரர் மெசேஜும் வராது. இதுதான் எனக்கு வருத்தமான விஷயம். வாங்கியவர் பல வருடம் அதை அறியாமலேயே பயன்படுத்திக்கொண்டிருப்பார்.

எச்610-இல் வேறு குறைகளும் உண்டு. 'கே' என்ற எழுத்துக்குத்தான் கூடுதல் காசு கொடுக்கிறீர்கள், அது ஓவர்கிளாக் செய்ய, அதாவது நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ஓட்ட, அனுமதி. அந்த வசதி எச்610-இலும் இல்லை, பி760-இலும் இல்லை. அதற்கு இசட் வரிசை போர்டு வேண்டும். ராம் ஸ்லாட் இரண்டுதான். ப்ராசஸரிலிருந்து எஸ்எஸ்டிக்கு நேராக வர வேண்டிய பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 பாதையை இந்தப் போர்டின் சிப்செட் (தகவல் போக்குவரத்தைக் கவனிக்கும் சில்லு, எச்610 என்பது அதன் பெயர்தான்) திறந்துவிடுவதில்லை. அதனால் எம்.2 எஸ்எஸ்டி 3.0 வேகத்தில்தான் ஓடும். நொடிக்கு 7,000 எம்பி படிக்கக்கூடிய எஸ்எஸ்டியை வாங்கினாலும் 3,500-ஐ ஒட்டித்தான் கிடைக்கும். இதே எச்610-இல் ஐ3-யோ ஐ5 12400-ஓ போட்டு அலுவலக வேலைக்கு, படிப்புக்கு, வீட்டுக் கணக்குக்கு வைத்துக்கொண்டால் அது அருமையான கம்ப்யூட்டர். 12400 அதிகபட்சமே 117 வாட்தான். போர்டு அதைச் சிரமமில்லாமல் தாங்கும்.

சரி, எது முதலில் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். ப்ராசஸரை முதலில் முடிவு செய்யுங்கள். அதுவும் யாரோ போட்ட பெஞ்ச்மார்க் வரைபடத்தைப் பார்த்து வேண்டாம், உங்கள் பழைய கம்ப்யூட்டரைப் பார்த்து. அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் அதைப் போன்ற நல்ல ஆலோசகர் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்.

ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபாமன்ஸ் பகுதியில் சிபியு படத்தின்மேல் ரைட் கிளிக் செய்து, லாஜிகல் ப்ராசஸர் வாரியாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் உங்களைக் காக்க வைக்கிற வேலையைத் தொடங்குங்கள். கம்பைல் செய்யும்போது எல்லாக் கட்டங்களும் உச்சியைத் தொட்டு நிற்கிறதா? உங்களுக்குக் கோர் எண்ணிக்கை வேண்டும். ஒன்றிரண்டு கட்டம் மட்டும் நிரம்பி மற்றவை சும்மா இருக்கிறதா? ஒரு கோரின் வேகம் வேண்டும், 20 கோர் வாங்கினாலும் பயனில்லை. இங்கே ஒரு கண்மயக்கம் இருக்கிறது. 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைச் சரடு) உள்ள ப்ராசஸரில் ஒரே ஒரு த்ரெட் முழுதாக ஓடினால் மொத்தப் பயன்பாடு 12.5 சதவீதம் என்றுதான் காட்டும். "ப்ராசஸர் சும்மாதானே இருக்கிறது, ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது" என்று பலரும் குழம்புவது இதனால்தான். விண்டோஸ் அந்த ஒரு த்ரெட்டை ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஓட்டவும் செய்யும். அப்போது எந்தக் கட்டமும் முழுதாக நிரம்பியதாகத் தெரியாது. எல்லாக் கட்டங்களின் அளவையும் கூட்டிப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

கேம் ஆடும்போது கிராஃபிக்ஸ் கார்டின் பயன்பாட்டையும் பாருங்கள். அது 97, 98 சதவீதத்திலேயே நிற்கிறது என்றால் புதிய ப்ராசஸர் அந்த கேமின் வேகத்தைக் கூட்டாது. தடை கார்டில் இருக்கிறது. கார்டு 60, 70 சதவீதத்தில் ஓய்வெடுத்துக்கொண்டிருக்க, கேம் மட்டும் திக்கித் திக்கி ஓடினால் அப்போதுதான் ப்ராசஸரைச் சந்தேகிக்க வேண்டும். 1080பி-இல் ஆடுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். பிக்சல் குறைவாக இருப்பதால் கார்டு தன் வேலையைச் சட்டென்று முடித்துவிட்டு ப்ராசஸருக்காகக் காத்திருக்கும். 4கே மானிட்டருக்குப் போனால் நிலைமை தலைகீழாகும். ராமையும் ஒரு பார்வை பாருங்கள். 16 ஜிபியும் நிரம்பி எஸ்எஸ்டி ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் பிரச்சினைக்கும் ப்ராசஸருக்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம். பிரவுசர், கோட் எடிட்டர், இரண்டு மூன்று கன்டெய்னர், ஒரு எமுலேட்டர் என்று திறந்து வைக்கிற புரோகிராமர்களுக்கு 16 ஜிபி இன்று போதாது.

நீங்கள் சொன்ன மூன்று வேலையையும் சேர்த்துப் பார்த்தால் 8 கோர், 16 த்ரெட் நல்ல நடுநிலை. 7700 அதைத்தான் தருகிறது. அதன் டிடிபி, அதாவது தயாரிப்பாளர் குறிப்பிடும் வாட் அளவு, 65 வாட். உண்மையில் சாக்கெட் வழியாக அதிகபட்சம் 88 வாட் இழுக்கும். ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டியின் கணக்கில் பெரும்பாலும் டிடிபியை 1.35-ஆல் பெருக்கினால் உண்மையான உச்ச அளவு வந்துவிடும். 88 வாட் என்பது எந்த பி650 போர்டுக்கும் ஒரு பொருட்டே இல்லை. பெட்டியோடு ஒரு கூலரும் வரும், அது இந்த ப்ராசஸருக்குப் போதும். பெட்டி இல்லாமல் ட்ரே என்று விற்பதில் கூலர் இருக்காது, அதை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

கேம்தான் முதன்மை என்றால் வேறு பதில் சொல்லியிருப்பேன். எக்ஸ்3டி என்று முடிகிற ரைசன்களில் ப்ராசஸர் சில்லோடு இன்னொரு அடுக்கு கேஷ் மெமரியை ஒட்டியிருப்பார்கள். 7700-இல் எல்3 கேஷ் 32 எம்பி. 7800எக்ஸ்3டி-யில் 96 எம்பி. கேம்கள் சின்னச் சின்னத் தகவல்களை ஓயாமல் எங்கெங்கிருந்தோ எடுக்கும். ஒவ்வொரு தடவையும் ராம் வரை போய் வருவதற்குப் பதில் பக்கத்திலேயே கிடைத்தால் வேகம் கூடுகிறது. கம்பைலிங், ரெண்டரிங் போன்றவற்றில் இந்த லாபம் பெரும்பாலும் தெரியாது. உங்களுக்கு கேம் மூன்றாவது வேலை. அதனால் இப்போது வேண்டாம். ஆனால் இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் திரும்ப வருவேன்.

வீடியோ எடிட்டிங்கில் ஒரு முக்கியமான விதிவிலக்கு இருக்கிறது. இதை நீங்கள் உங்கள் கேமராவைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மொபைலில் எடுக்கிற சாதாரண வீடியோ என்றால் சுருக்கி வைத்த அதைக் கிராஃபிக்ஸ் கார்டே வேகமாக விரித்துவிடும், அதாவது டிகோட் செய்துவிடும். மிரர்லெஸ் கேமராவில் 4:2:2 10 பிட் எச்.265 என்ற, நிறத் தகவல் கூடுதலாக உள்ள வகையில் எடுக்கிறீர்கள் என்றால் நிலைமை வேறு. பழைய கார்டுகளில் இந்த வகையை டிகோட் செய்யும் வசதி இல்லை. என்விடியாவில் 50 வரிசையில்தான் அது வந்தது. இன்டெலோ 11-ஆம் தலைமுறையிலிருந்தே ப்ராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராஃபிக்ஸில் குவிக் சிங்க் என்ற பெயரில் இதைத் தந்துவிட்டது. அந்த வீடியோவைத் டைம்லைனில் இழுத்துப் பார்க்கும்போது, பெரிய கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர் திணற, இன்டெல் ப்ராசஸர் மட்டும் உள்ள சின்ன கம்ப்யூட்டர் வழுக்கிக்கொண்டு போகும். நீங்கள் அந்த வகையில் எடுக்கிறவர் என்றால் என் பதில் மாறும்: கோர் ஐ5 14500, பி760 போர்டு, டிடிஆர்5 ராம். 14500 ஏன், 14400 ஏன் இல்லை என்றால், 14500-இல் உள்ள யுஎச்டி 770 கிராஃபிக்ஸில் வீடியோ எஞ்சின் இரண்டு இருக்கிறது, 14400-இன் யுஎச்டி 730-இல் ஒன்றுதான். 'எஃப்' என்று முடிகிற மாடலை வாங்கிவிடாதீர்கள். அதில் அந்த கிராஃபிக்ஸ் முடக்கப்பட்டிருக்கும், குவிக் சிங்க்கும் அதோடு போய்விடும்.

எஃப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறவர்கள் எஃப் வாங்கி மிச்சம் பிடிக்கலாம் என்பது பொதுவான அறிவுரை. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. என்றாவது ஒரு நாள் திரையில் எதுவும் வராமல் போகும்போது, தவறு கார்டிலா போர்டிலா என்று கண்டுபிடிக்க அந்தச் சின்ன கிராஃபிக்ஸ் இருப்பது பெரிய உதவி. கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டரைப் போர்டில் செருகிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலான மாடல்களில் இது உண்டு, 7500எஃப் போன்றவற்றில் இல்லை. ஏஎம்டியின் பழைய ஏஎம்4 சாக்கெட் வரிசையில் 'ஜி' என்று முடிகிறவற்றில் மட்டும் உண்டு.

ஜி மாடல்களிலும் கவனம் தேவை. தனி கார்டு இல்லாதவர்களுக்கு அவை வரப்பிரசாதம். தனி கார்டு போடுகிறவர்களுக்கு நஷ்டம். 8500ஜி கார்டுக்கு 4 லேன்தான் (தகவல் போகும் பாதை) தரும், 8600ஜி 8 லேன் தரும், 7700 முழுதாக 16 தரும். ஏஎம்4-இல் 5500-ஐ 5600-இன் தம்பி என்று நினைத்து வாங்குகிறார்கள். உள்ளே அது ஜி வகைச் சில்லு. எல்3 கேஷ் பாதி, பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 மட்டும்.

இனி சாக்கெட். ப்ராசஸரைத் தேர்ந்தெடுத்த அந்த நொடியே சாக்கெட்டும் முடிவாகிவிடுகிறது. ஆனால் பலரும் அதை ஒரு தனி முடிவாக எண்ணிப் பார்ப்பதில்லை. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் முதல் ரைசன் 2017 மார்ச்சில் வந்தது. அதே சாக்கெட்டில் 5800எக்ஸ்3டி 2022 ஏப்ரலில் வந்தது. 2017-இல் போர்டு வாங்கியவர்களில் பலர் பயாஸை (போர்டைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) மட்டும் புதுப்பித்துவிட்டு, ஐந்து வருடம் கழித்து அன்றைய மிக வேகமான கேமிங் ப்ராசஸர்களில் ஒன்றை அதே போர்டில் செருகினார்கள். ராம் மாற்றவில்லை, விண்டோஸ் மறுபடி போடவில்லை. அசெம்பிள் செய்யும் கம்ப்யூட்டர்களில் இவ்வளவு பெரிய லாபத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

இன்டெல் பக்கம் கதை வேறு. 2015-இல் எல்ஜிஏ 1151. 2017-இல் பெயர் அதே 1151, ஆனால் புதிய ப்ராசஸர் பழைய போர்டில் ஓடாது. 2020-இல் 1200, 2021 இறுதியில் 1700, 2024 அக்டோபரில் 1851. நீங்கள் கேட்ட 14700கே உட்காரும் 1700 சாக்கெட் 12, 13, 14 ஆகிய மூன்று தலைமுறைகளைத் தாங்கியது. 14-ஓடு அதன் பாதை முடிந்தது. 7700 உட்காரும் ஏஎம்5 சாக்கெட் 2022-இல் தொடங்கியது. 2027-ஐத் தாண்டியும் ஆதரவு தருவோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இப்போது 7700 போட்டுவிட்டு, சில வருடம் கழித்து கேம் ஆசை பெருகினால் 9800எக்ஸ்3டி போன்ற ஒன்றை அதே போர்டில் மாற்றிக்கொள்ளலாம். கொஞ்சம் முன்னால் நினைவில் வைக்கச் சொன்ன பெயருக்கு இங்கேதான் வேலை.

ஆனால் இந்த லாபம் எல்லோருக்கும் கிடைக்காது. ஒரு கம்ப்யூட்டரை வாங்கி ஆறேழு வருடம் கழற்றாமல் ஓட்டிவிட்டு, மொத்தமாகப் புதிதாக வாங்குகிறவர்தான் அதிகம். நீங்களும் அப்படிப்பட்டவர் என்றால் சாக்கெட்டின் ஆயுளுக்கு மதிப்பெண் போடவே வேண்டாம், இன்றைக்கு எது நல்ல பேரமோ அதை எடுங்கள். உங்கள் பழைய கம்ப்யூட்டரில் ப்ராசஸரை ஒரு முறையாவது மாற்றியிருக்கிறீர்களா? அதற்கான பதிலை வைத்தே முடிவு செய்யலாம்.

உங்கள் டிடிஆர்4 ராம் விஷயத்துக்கு வருவோம். ஏஎம்5 டிடிஆர்5 மட்டும்தான் ஏற்கும். 1851-உம் அப்படியே. 1700 சாக்கெட்டில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. ஒரு போர்டில் ஏதாவது ஒன்றுதான் போகும், ராமின் காடியே வேறு இடத்தில் இருக்கும். கையில் 32 ஜிபி நல்ல டிடிஆர்4 இருந்து, ராம் விலை உச்சத்தில் இருக்கும் சமயமாகவும் இருந்தால், டிடிஆர்4 பி760 போர்டோ, ஏஎம்4-இல் 5700எக்ஸ்-ஓ நியாயமான தேர்வுதான். 16 ஜிபிக்காக ஒரு பிளாட்ஃபாரத்தையே தீர்மானிப்பது சரியில்லை. நீங்கள் எப்படியும் 32-க்குப் போகப் போகிறீர்கள்.

டிடிஆர்5 வாங்கும்போது 16 ஜிபி குச்சி இரண்டாக வாங்குங்கள். நான்காக வேண்டாம். ரைசன் 7000-க்கு ஏஎம்டி தரும் அதிகாரபூர்வ வேகம் இரண்டு குச்சிக்கு 5200, நான்கு குச்சிக்கு 3600. இவ்வளவு இறக்கம் இருக்கிறது. நான்கு ஸ்லாட் இருக்கிறதே, பிறகு இரண்டு சேர்த்துக்கொள்ளலாம் என்று டிடிஆர்4 காலத்தில் நினைத்ததுபோல இப்போது நினைக்க முடியாது. 64 ஜிபி தேவைப்படும் என்று தெரிந்தால் இப்போதே 32 இரண்டாக வாங்கிவிடுங்கள். வேகத்தில் 6000, சிஎல்30 (ராமின் தாமத அளவு), எக்ஸ்போ (ராமை அந்த வேகத்தில் ஓட்டும் ஏஎம்டியின் அமைப்பு) ஆதரவு உள்ளதை எடுங்கள். 6400-ஐத் தாண்டினால் பொதுவாக ப்ராசஸருக்குள் ராமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். அதனால் பெட்டியில் 7200 என்று போட்ட ராமால் இந்த ப்ராசஸரில் உங்களுக்குப் பெரிய நன்மை வராது.

இப்போது போர்டு. ப்ராசஸர், சாக்கெட், ராம் எல்லாம் முடிவான பிறகு போர்டைத் தேர்ந்தெடுப்பது மிக எளிது, ஏனென்றால் பெரும்பாலும் கழித்துக்கட்டுகிற வேலைதான். ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன்: தாங்கும் சக்தி போதுமான அளவு இருக்கிற எந்த இரண்டு போர்டிலும் ஒரே ப்ராசஸர் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் ஓடும். விலை உயர்ந்த போர்டு கேமில் கூடுதல் ஃபிரேம் தராது. அது தருவது செருகும் இடங்கள், கூடுதல் யுஎஸ்பி, நல்ல ஆடியோ, ஓவர்கிளாக் செய்ய இடம், அப்புறம் விளக்கு. போர்டில் மிச்சம் பிடித்த காசை ராமிலோ எஸ்எஸ்டியிலோ போட்டால் தினமும் அதன் பயன் தெரியும்.

அதனால் எக்ஸ்670, எக்ஸ்870 என்ற பெயர்களைப் பார்த்து மயங்க வேண்டாம். எக்ஸ்670 என்பது பி650-இன் அதே சிப்செட் சில்லை இரண்டாகத் தொடுத்தது. எக்ஸ்870-இல் அந்தச் சில்லு ஒன்றுதான், யுஎஸ்பி4 கட்டாயமாகச் சேர்ந்திருக்கும். நான்கைந்து எஸ்எஸ்டி, வேகமான வெளி டிரைவ் என்று வைத்திருக்கிறவர்களுக்கு அவை பயன்படும். உங்களுக்கு பி650 அல்லது பி850 போதும். ஏ620-இலும் 7700 ஓடும். ஆனால் நாளை பெரிய ப்ராசஸர் போடுவதற்காகத்தானே ஏஎம்5-ஐத் தேர்ந்தெடுக்கிறோம், அந்தக் காரணத்தை ஏ620 பாதி கெடுத்துவிடும்.

பி650 போர்டுகளுக்குள் தேர்வு செய்ய, வாங்குவதற்கு முன்பே தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மேனுவலை இறக்கிப் படியுங்கள். விளம்பரப் பக்கத்தில் சொல்லாததெல்லாம் மேனுவலில்தான் இருக்கும். இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் இரண்டு சாட்டா போர்ட் (கேபிள் வழியாக டிரைவ் செருகும் இடம்) வேலை செய்யாது என்பதுபோன்ற குறிப்பு அங்கேதான் கிடைக்கும். நீளமாக இருக்கிற இரண்டாவது ஸ்லாட்டில் உண்மையில் ஒரு லேனோ நான்கு லேனோதான் ஓடுகிறது என்பதும் அங்கேதான் தெரியும். கேப்சர் கார்டு மாதிரி ஏதாவது செருகும் எண்ணம் இருந்தால் முதல் ஸ்லாட்டில் கிராஃபிக்ஸ் கார்டு உட்கார்ந்த பிறகு அது அடுத்த ஸ்லாட்டை மூடுகிறதா என்று படத்தைப் பார்த்துக் கணக்கிடுங்கள். இன்றைய கார்டுகள் மூன்று ஸ்லாட் உயரம் வரை வருகின்றன. பின்பக்கம் எத்தனை யுஎஸ்பி என்று எண்ணிப் பாருங்கள். கீபோர்டு, மவுஸ், வெப்கேம், மைக், வெளி டிரைவ், பிரின்டர் என்று உங்கள் மேசையில் இருப்பதை எண்ணி அதோடு இரண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள். கேபினட்டின் முன்பக்கம் டைப் சி இருந்தால் அதற்கான ஹெட்டர் போர்டில் இருக்க வேண்டும். வைஃபை தேவையா என்பது உங்கள் ரவுட்டர் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

அளவு: மைக்ரோ ஏடிஎக்ஸ் போதும். 244-க்கு 244 மில்லிமீட்டர். ஏடிஎக்ஸ் 305-க்கு 244. ஒரே ஒரு கிராஃபிக்ஸ் கார்டு, இரண்டு எஸ்எஸ்டி போடுகிறவருக்கு அந்தக் கூடுதல் 61 மில்லிமீட்டர் பெரும்பாலும் வெறுமையாகத்தான் கிடக்கும்.

நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்கிற வசதி ஒன்று உண்டு. பயாஸ் ஃபிளாஷ்பேக். ப்ராசஸரே இல்லாமல், பென் டிரைவிலிருந்து பயாஸைப் புதுப்பிக்கிற பொத்தான் அது. சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் வீட்டுப் பையனுக்காக ரைசன் 5600-உம் அதற்கேற்ற ஏஎம்4 போர்டும் வாங்கினோம். போர்டின் ஆதரவுப் பட்டியலில் 5600 தெளிவாக இருந்தது. ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. ராமை மாற்றினோம், கேபிளை மாற்றினோம், கார்டை வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். இரண்டு நாள் போனது. பிறகுதான் அந்தப் பட்டியலில் ப்ராசஸர் பெயருக்கு எதிரே இருந்த பயாஸ் எண்ணைக் கவனித்தேன். எங்கள் போர்டு அதற்கும் முந்தைய பயாஸோடு கிடங்கில் கிடந்து வந்திருந்தது. ஃபிளாஷ்பேக் பொத்தான் அதில் இல்லை. நண்பர் ஒருவரிடம் பழைய 2600-ஐக் கடன் வாங்கிப் போட்டு, பயாஸை ஏற்றி, மறுபடி 5600-ஐப் போட்ட பிறகுதான் திரை வந்தது. அந்தப் பையனின் முகம் வாடிக் கிடந்த அந்த இரண்டு நாளும் எனக்கு மறக்கவில்லை. ஆதரவுப் பட்டியலில் பெயர் மட்டும் இருந்தால் போதாது, எந்தப் பயாஸிலிருந்து என்பதையும் பாருங்கள்.

பயாஸை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கு இன்னும் பெரிய காரணங்களும் நடந்திருக்கின்றன. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறையின் மேல்நிலை ப்ராசஸர்கள் தேவைக்கு மேல் வோல்டேஜ் பெற்றுக் காலப்போக்கில் நிலைகுலைந்தன. 2024 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பயாஸ் வழியாக வந்த மைக்ரோகோடுதான் (ப்ராசஸருக்குள் ஓடும் திருத்தம்) அதைத் தடுத்தது. ஏற்கெனவே கெட்டுப்போனதை அதனால் சரிசெய்ய முடியாது என்பதால் இன்டெல் வாரண்டியை இரண்டு வருடம் நீட்டித்தது. 2023 ஏப்ரலில் சில ரைசன் 7000 எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சாக்கெட்டோடு கருகின. அதன் பிறகு வந்த பயாஸ்கள் எஸ்ஓசி வோல்டேஜை (மெமரி கன்ட்ரோலர் உள்ள பகுதிக்குப் போவது) 1.3 வோல்ட்டுக்கு மேல் போகவிடாமல் பூட்டின. எந்த ஜோடியை வாங்கினாலும் விண்டோஸ் போடுவதற்கு முன் பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். பழைய 13, 14-ஆம் தலைமுறை ப்ராசஸரை ஒருவர் கைமாற்றி விற்கிறார் என்றால், எவ்வளவு காலம் எந்தப் பயாஸில் ஓடியது என்று தெரியாமல் வாங்காதீர்கள்.

அசெம்பிள் செய்யும்போது: ஏஎம்5-இல் ஊசிகள் சாக்கெட்டில் இருக்கும், ப்ராசஸரில் இல்லை. முக்கோணக் குறியைப் பொருத்தி நேராக வையுங்கள், தேய்க்காதீர்கள். சாக்கெட்டை மூடியிருந்த பிளாஸ்டிக் மூடியைப் பத்திரமாக வையுங்கள், வாரண்டிக்குப் போர்டை அனுப்பும்போது கேட்பார்கள். ராம் குச்சிகளைப் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். 8 பின் சிபியு பவர் கேபிளைப் பலர் மறந்துவிடுகிறார்கள், அது போர்டின் மேல் மூலையில் இருக்கும். மானிட்டர் கேபிளைக் கிராஃபிக்ஸ் கார்டில் செருகுங்கள்.

கேபினட்டுக்குள் ஏற்றுவதற்கு முன் போர்டின் அட்டைப்பெட்டி மேலேயே ப்ராசஸர், கூலர், ஒரு ராம் குச்சி மட்டும் வைத்து, மானிட்டரைப் போர்டில் செருகி ஒரு முறை ஆன் செய்து பாருங்கள். ஏஎம்5-இல் முதல் முறை ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். போர்டில் டிராம் என்று ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்துப் பயந்து பவரை நிறுத்திவிட்டால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். திரை வந்ததும் பயாஸைப் புதுப்பித்து, இரண்டாவது குச்சியையும் போட்டு, எக்ஸ்போவை ஆன் செய்து, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு தவறு வந்தாலும் ராமைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.